செட்டிநாட்டில் செகண்ட்ஸ் கார் கடை: வாங்குவதிலிருந்து பெயர் மாறும் வரை, வரிசைப்படி

காரைக்குடியில் சொந்தமாகப் பழைய கார் வாங்கி விற்கிறேன். கன்சல்டிங் போர்டு, பின்னால் தகர ஷெட், எந்நேரமும் ஏழெட்டு வண்டி. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த பல தம்பிகள் என்னிடம் ஓரிரு மாதம் இருந்து பார்த்துவிட்டுத் தனிக்கடை போட்டிருக்கிறார்கள். தடுக்கி விழுந்தவர்கள் எல்லாரும் விழுந்தது ஒரே இடத்தில். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லத் தெரியும்; ஆர்.சி. புத்தகத்தை மட்டும் கடைசியில்தான் திறந்து பார்ப்பார்கள். வரிசையைத் தலைகீழாக்கினால் பணம் மாட்டிக்கொள்ளும். அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதல் வண்டிக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இடமும் போர்டும் இருந்தால் கடை ஆகிவிடாது. வியாபார உரிமம், வாடகை ஒப்பந்தம், ஜி.எஸ்.டி. பதிவு, கடை பெயரில் நடப்புக் கணக்கு ஆகியவற்றை முதலில் முடியுங்கள். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பழைய நகராட்சி ரசீதை வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டாம்.

அடுத்தது டீலர் அங்கீகாரம். 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வண்டிகளை வாங்கி விற்பவர்களுக்கென்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனிப் பகுதியே இருக்கிறது. படிவம் 29ஏ-யில் விண்ணப்பித்தால் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று தருவார். ஐந்து வருஷம் செல்லும். அங்கீகாரம் உள்ள டீலரிடம் ஓனர் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அதன்பின் வண்டி விற்கும்வரை சட்டப்படி டீலரே ஓனர் போல. என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), நகல் ஆர்.சி., பெயர் மாற்றம், எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆகியவற்றுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். அந்த வண்டியால் வரும் வம்பும் உங்கள் தலையில்தான்.

இது இல்லாமலே கடை நடத்துபவர்களை நானும் பார்க்கிறேன். முன்பு நானும் அப்படித்தான் நடத்தினேன். ஆனால் வெளியூரிலிருக்கும் ஓனரை ஒவ்வொரு கையெழுத்துக்கும் துரத்தும் வேலை இதனால் பாதியாகக் குறையும். செட்டிநாட்டில் ஓனர்களில் பலர் வெளியூர், வெளிநாடு. மற்ற ஊரைவிட நமக்குத்தான் இது அதிகம் உதவும்.

ஒரு நீளமான நோட்டும் வாங்குங்கள். ஒரு வண்டிக்கு ஒரு பக்கம். வண்டிக்காகக் கையைவிட்டுப் போகும் ஒவ்வொரு ரூபாயும், டீ செலவு உட்பட, அந்தப் பக்கத்தில் ஏற வேண்டும். மொபைலில் எழுதினாலும் சரி. ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2. வண்டியைப் பார்க்கப் போகும் முன் பேப்பர்

யாராவது போன் செய்து வண்டி இருக்கிறது என்றால், வண்டி போட்டோ கேட்காதீர்கள். ஆர்.சி.யின் இரு பக்கமும், இன்ஷூரன்ஸ் பாலிசியும் அனுப்பச் சொல்லுங்கள். வண்டியைப் பார்த்துப் பிடித்துவிட்டால் பேப்பரில் இருக்கும் ஓட்டையை மனசு சின்னதாக்கிவிடும். அதனால்தான் இந்த வரிசை.

அரசின் பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பார்க்க வேண்டியவை:

பதிவு எந்தத் தேதிவரை செல்லும் என்பது முதலாவது. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அதன்பின் எஃப்.சி. காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். பதினைந்திலிருந்து இருபது வருஷக் காருக்குப் புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய் ஆகிவிட்டது. அதோடு பசுமை வரி, எஃப்.சி.க்காகச் செய்யும் வேலை. பதினாலரை வருஷ வண்டியை "மலிவு" என்று வாங்கும் தம்பிகள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எச்.பி., அதாவது வண்டிமேல் கடன் இருப்பதாக ஆர்.சி.யில் பதிவு, இருக்கிறதா என்பது இரண்டாவது. கடன் முடிந்து பல வருஷம் ஆகியும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே நிற்கும் வண்டிகள் ஏராளம். "அதெல்லாம் கட்டி முடிச்சாச்சுண்ணே" என்பார்கள். கட்டியது உண்மையாகவே இருக்கும். வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கொடுத்து நீக்காதவரை வண்டியைப் பெயர் மாற்ற முடியாது. பழைய என்.ஓ.சி.யில் தேதி தாண்டியிருந்தால் புதிதாக வாங்கி வரச் சொல்லுங்கள். கடன் கொடுத்த கம்பெனி வேறொன்றில் இணைந்துவிட்டிருந்தால் இந்த ஒரு காகிதத்துக்கே மாதக்கணக்கில் அலைய நேரும்.

அப்புறம் இ-சலான் பாக்கி, கறுப்புப் பட்டியல், ஓனர் வரிசை எண், பதிவில் உள்ள மொபைல் எண். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். பெயர் மாற்றத்தின்போது ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். பத்து வருஷத்துக்கு முன் கொடுத்த எண், ஓனர் சிங்கப்பூர் போனபோதே செத்திருக்கும். எண்ணை மாற்றும் வேலையை ஓனர் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

பி.ஒய். (பாண்டிச்சேரி) எண்ணோ கே.ஏ. (கர்நாடகா) எண்ணோ என்றால் இன்னொரு கணக்கு. பாண்டிச்சேரி பதிவில் விலை குறைவாகத் தெரியும். என்.ஓ.சி. எடுத்து, தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி, நம்ம ஊர் எண் வாங்கும்வரை அது உங்கள் ஷெட்டில் நிற்கும். அந்த வரியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் விலை பேச வேண்டும்.

3. விற்பவர் யார்?

நம் ஊருக்கே உரிய சிக்கல் இது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எங்கே போனாலும் பெரிய வீடு, பூட்டிய ஷெட், உள்ளே ஒரு கார். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சாவியைத் தருவார். பிள்ளைகள் சென்னையில், மலேசியாவில். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ குடும்பம் ஊருக்கு வரும்போதுதான் "இதை வித்துருவோம்" என்று முடிவெடுப்பார்கள். நாலு நாளில் திரும்பக் கிளம்பியும் விடுவார்கள்.

ஆர்.சி.யில் இருக்கும் பெயர்க்காரர் எதிரில் இருந்தால் சிக்கல் இல்லை. அவர் காலமாகியிருந்தால் நேராக உங்கள் வாடிக்கையாளர் பெயருக்கு மாற்ற முடியாது. முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். வாரிசுச் சான்று தாசில்தார் அலுவலகம் வழியாக வரும். நாலு நாளில் வராது.

எனக்கே நடந்தது: ஒரு ஆச்சி, அவருடைய மூன்று பிள்ளைகள், வாரிசுகள் நான்கு பேர். மூவர் சம்மதம் கொடுத்தார்கள். நான்காமவர் கோலாலம்பூரில். அவருக்கும் அண்ணனுக்கும் வீட்டுப் பங்கில் மனஸ்தாபம். கார் அதில் மாட்டிக்கொண்டது. 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஏழு மாதம் காத்திருந்தேன். அந்த ஏழு மாதமும் வண்டி அவர்கள் ஷெட்டில், என் பணம் அவர்கள் கையில். ஆச்சியிடம் கறாராகப் பேசவும் முடியாது. போகும்போதெல்லாம் பலகாரம் வைத்துக் கொடுப்பார்.

இப்போதெல்லாம் வாரிசு பெயருக்கு ஆர்.சி. மாறிய பிறகுதான் அட்வான்ஸே. அதுவரை "வண்டியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் ஆச்சி" என்று வாய் வார்த்தைதான். போனால் போகட்டும்.

4. ஷெட்டில் தூங்கிய வண்டி

"எங்க அப்பச்சி வண்டி தம்பி, பதினோராயிரந்தான் ஓடியிருக்கு." இந்த வாக்கியத்தைக் கேட்டதும் புதியவர்களுக்குக் கண் விரியும். எனக்கு டார்ச் லைட் ஞாபகம் வரும்.

பெரும்பாலும் மீட்டர் பொய் சொல்லியிருக்காது, உண்மையிலேயே பதினோராயிரம்தான். ஆனால் ஓடித் தேய்ந்த வண்டிக்கு ஒரு விதமான செலவு என்றால், நின்று கெட்ட வண்டிக்கு வேறு விதமான செலவு. கானாடுகாத்தானில் 2014 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றைப் பார்த்தபோது நான் போன வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் டயர். பட்டன் நன்றாக இருந்தது, புதுசு மாதிரி. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1114 என்று இருந்தது. 2014ஆம் வருஷம் பதினோராவது வாரம். நகத்தால் அழுத்தினால் மரக்கட்டை. பக்கச்சுவரில் முடிபோல் வெடிப்பு. நான்கும் போச்சு; ஸ்டெப்னியோடு ஐந்து.

இரண்டாவது, பானெட். வேப்பிலைச் சருகும் பஞ்சும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் மெத்தைபோல் கிடந்தன. எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. வயரிங்கில் பல் பட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்து, ஒவ்வொரு கட்டாக விரலால் தடவிப் பாருங்கள். அறுந்த வயர் கண்ணுக்குத் தெரியும். பாதி கடித்த வயர் மூன்று மாதம் கழித்து வாடிக்கையாளர் கையில்தான் தெரியும். கிளவ் பாக்ஸைக் கழற்றி ஏ.சி. ஃபில்டரையும் இழுத்துப் பாருங்கள், மூக்கை மூடிக்கொண்டு.

மூன்றாவது, பிரேக். ஹேண்ட் பிரேக் போட்டபடியே நிறுத்தியிருந்தால் பின் சக்கரம் ஒட்டிக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் மெல்லிய துரு நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். குழி விழுந்த துரு போகாது. கிளட்ச் பிளேட்டும் இப்படி ஒட்டும்.

நான்காவதுதான் ஸ்டார்ட். நான் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று போனிலேயே சொல்லிவிடுவேன். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், அல்லது ஆர்வக் கோளாறு. குளிர்ந்த இன்ஜின் சொல்லும் உண்மையைச் சூடானது சொல்லாது. நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை வண்டி சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். மோரில் ஆடை படிந்த மாதிரி இருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்கலாம், பேசாமல் வந்துவிடுங்கள்.

டேங்கில் வருஷக்கணக்கில் கிடந்த பெட்ரோலோடு ஓட்டிப் பார்க்கக் கூடாது. வாசனையே வார்னிஷ் மாதிரி மாறியிருக்கும். வடித்துவிட்டுப் புதிது ஊற்றிய பிறகுதான் ஓட்டம்.

அந்த ஸ்விஃப்ட்டில் டயர், பேட்டரி, பிரேக், எல்லா ஆயில்களும், எலி கடித்த ஒரு வயரிங் துண்டு என்று போட்டுப் பார்த்தேன். எண்பதாயிரம் ஓடிய, மாதா மாதம் ஓடிக்கொண்டிருந்த வண்டியைவிட வேலைச் செலவு கூட வந்தது. இதை அப்படியே பட்டியலாக எழுதி, அவர்கள் எதிரிலேயே டயரில் இருந்த இலக்கத்தைக் காட்டினேன். விலை இறங்கியது. திட்டிக் குறைப்பதைவிடக் காட்டிக் குறைப்பது சுலபம்.

5. ஓடிய வண்டியில் பார்ப்பவை

இதைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், அதனால் சுருக்கமாக. கதவு ரப்பரை இழுத்து உள்ளே ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா பாருங்கள். இல்லாவிட்டால் பெரிய அடி வாங்கி வெட்டி ஒட்டிய வண்டி. எல்லாக் கண்ணாடிகளிலும் வருஷக் குறி ஒன்றா பாருங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேளுங்கள். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள்; சர்வீஸ் வரலாற்றை நம்புங்கள். முப்பதாயிரம் காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: "கோளாறு எதுவும் இல்லை" என்று வந்ததும் மூடிவிடாதீர்கள். கோளாறுப் பதிவை அன்று காலையில்தான் அழித்திருந்தால், சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அதிலேயே காட்டும்.

வெள்ளத்தில் நனைந்த வண்டி தனி ரகம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னை, அதே மாதம் நடுவில் திருநெல்வேலி, தூத்துக்குடி. அந்த வண்டிகள் கழுவி, வாசனை தெளித்து, மழை குறைந்த நம் பக்கம் வந்து சேரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடிப்பகுதியில் சேறு கோடு போட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் போல்ட் துரு, ஸ்டெப்னி குழிக்குள் மண் இருக்கிறதா பாருங்கள். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரலாறும் கேளுங்கள். சந்தேகம் என்றால் எந்த விலைக்கும் வேண்டாம்.

6. விலை போடுவது: பின்னாலிருந்து முன்னால்

புதியவர் வாங்கும் விலையிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார். விற்கும் விலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் அது உங்கள் கையில் இல்லை, சந்தையின் கையில் இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு. விற்கும் விலை 3,75,000, வாங்கியது 3,20,000. "55,000 லாபம்ண்ணே" என்று ஒரு தம்பி சந்தோஷமாகச் சொன்னான். உட்கார வைத்து எழுதினேன். செகண்ட்ஸ் காருக்கு ஜி.எஸ்.டி. மார்ஜினுக்குத்தான், 2025 ஜனவரியிலிருந்து எல்லா அளவு வண்டிக்கும் 18 சதவீதம். விலைக்குள்ளேயே வரி அடக்கம் என்றால் சுமார் 8,400 போச்சு. மிச்சம் 46,600. டயர் 16,000, பேட்டரி 4,500, டிங்கரிங்கும் பெயின்ட்டும் 6,000, பாலிஷ் 3,000, பேப்பர் செலவு 3,000, புரோக்கர் 5,000. முதலுக்கு மாதம் ஒன்றரை வட்டி, 4,800. எல்லாம் 42,300. கையில் நிற்பது 4,300. வண்டி இன்னும் ஒரு மாதம் நின்றால் 500 ரூபாய் நஷ்டம். கடை வாடகை இன்னும் எழுதவே இல்லை.

வரியில் ஒரு நுணுக்கம் உண்டு. மார்ஜின் என்பது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் மாட்டிய டயர் அதில் கழியாது. ஆகவே ஓனரிடமே "நாலு டயர் மாட்டிக் கொடுங்கள், விலையில் சேர்த்துத் தருகிறேன்" என்று சொல்வது சில நேரம் லாபம். உங்கள் பதிவுக்கு எது பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஸ்டாக் நாள் கணக்கு ஏன் முக்கியம் என்று 2025 செப்டம்பரில் நன்றாகவே புரிந்தது. 22ஆம் தேதி முதல் புதிய சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18-க்கு இறங்கியது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலை தானாக இறங்கும். ஆகஸ்டில் அடித்துப் பிடித்து வாங்கிய மூன்று சின்ன வண்டி என் ஷெட்டில் நின்றது. மூன்றையும் வாங்கிய விலைக்கே தள்ளினேன். அதிலிருந்து 45 நாள் தாண்டிய வண்டிக்கு விலை குறைத்துவிடுவது என்று வைத்திருக்கிறேன். முதல் நஷ்டம்தான் சின்ன நஷ்டம்.

7. பணம் கொடுப்பது, வாங்குவது

வங்கி வழியாக மட்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. வண்டி வாங்கிய பணமே செலவில் ஏறாவிட்டால், விற்ற மொத்தத் தொகையும் லாபமாக நிற்கும். விற்கும்போதும் அப்படித்தான்: 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விழலாம். "இன்னிக்குப் பாதி, நாளைக்குப் பாதி" என்று பிரித்தாலும் ஒரே வியாபாரம் ஒரே வியாபாரம்தான்.

கடன் பாக்கியுள்ள வண்டி என்றால் ஓனர் கையில் பணம் கொடுக்காதீர்கள். கடன் முடிப்புக் கடிதத்தை வாங்கி, அதில் உள்ள தொகையைக் கடன் கணக்கிலேயே கட்டுங்கள். அந்தத் தொகை நாளுக்கு நாள் மாறும், தேதியைப் பாருங்கள். மிச்சத்தில் ஒரு பகுதியை என்.ஓ.சி. கைக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள். அப்போதுதான் அவர் வங்கிக்கு நடையாய் நடப்பார்.

இரண்டு சாவி, ஒரிஜினல் ஆர்.சி., பாலிசி, சர்வீஸ் புத்தகம், ஓனரின் ஆதார், பான் நகல் எல்லாம் பணத்தோடு ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். "இன்னொரு சாவி சென்னை வீட்டில் இருக்கு" என்றால் அதற்கும் ஒரு தொகை பிடித்து வையுங்கள். ஃபாஸ்டேக்கை அவரே மூடிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டி லெம்பலக்குடி டோலைத் தாண்டும்போது அவர் கணக்கில் பணம் போய், ராத்திரி போன் வரும்.

8. என்ன வேலை செய்வது, என்ன விடுவது

பாதுகாப்பு சம்பந்தப்பட்டதைக் கட்டாயம் செய்யுங்கள்: பிரேக், டயர், ஸ்டியரிங், லைட். அடுத்து ஏ.சி. சித்திரையில் நம் ஊரில் ஏ.சி. குளிராத வண்டியை ஓட்டிப் பார்க்க வருபவர், மகர்நோன்புப் பொட்டல் தாண்டுவதற்குள் முடிவை மாற்றிவிடுவார்.

சின்னக் கீறல்களை விட்டுவிடுங்கள். முழு வண்டிக்கும் பெயின்ட் அடித்தால், அடியை மறைக்கிறான் என்றுதான் வருபவர் நினைப்பார். பட்டி பார்த்த இடம் எது என்று நானே தொட்டுக் காட்டிவிடுவேன். அதற்குப் பின் அவர் வேறு எதையும் தேடுவதில்லை.

வேலைக்கு அனுப்பும்போது மெக்கானிக்கிடம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் "அதையும் சேர்த்துப் பாத்துட்டேண்ணே" என்று பில் இரட்டிப்பாகும்.

9. ஷெட்டில் நிற்கும்போது

வாரம் ஒருமுறை ஒவ்வொரு வண்டியையும் பதினைந்து நிமிஷம் ஓட்டுங்கள். வெறுமனே ஸ்டார்ட் செய்து உறும விட்டால் பேட்டரி ஏறாது. அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால், ஷெட்டில் உள்ள வண்டி வெளியே போவது ஓட்டிப் பார்க்க, சோதனைக்கு, சர்வீஸ், பெயின்ட் வேலைக்கு மட்டும்தான் என்பது விதி. ஒவ்வொரு பயணத்தையும் பதிவேட்டில் குறிக்கவும் வேண்டும். மச்சான் கல்யாணத்துக்கு ஸ்டாக் வண்டி எடுத்துப் போகும் பழக்கம் இதோடு முடிந்தது.

இன்ஷூரன்ஸ் முடிந்த வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள், பக்கத்துத் தெரு பெட்ரோல் பங்குக்குக்கூட. ஓட்டிப் பார்க்க வருபவரின் லைசென்ஸை முதலில் போட்டோ எடுங்கள். நம்ம ஊரில் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். "என்னையே சந்தேகப்படுறியா மாப்ள" என்பார்கள். "எல்லாருக்கும் இதுதான் மாமா" என்று சொல்லிவிட்டுப் போட்டோ எடுங்கள்.

10. டோக்கன் (முன்பணம்) வாங்குவது

ஆடியில் பேச்சு மட்டும் நடக்கும், பணம் நடக்காது. மார்கழியும் அப்படியே. ஆவணியிலும் தையிலும் கூட்டம் வரும். அதனால் வாங்குவதை ஆனியில் குறைத்து, ஆடிக் கடைசியில் கூட்டுங்கள்.

பிடித்திருக்கிறது என்றதும் வண்டி எண்ணைக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை எட்டு வந்தால் பலர் நகர்ந்துவிடுவார்கள். இதைச் சிரித்துக் கடப்பதில் பயனில்லை. வாங்கும்போதே கூட்டிப் பாருங்கள். எட்டு என்றால் நாள் கூடுதலாக நிற்கும் என்று விலையில் குறையுங்கள். நல்ல வண்டி, எட்டு எண், பத்தாயிரம் குறைவு என்று தேடி வாங்குபவரும் இருக்கிறார்.

டோக்கன் சீட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: முழு விலை, மீதி தரும் கடைசித் தேதி, பெயர் மாற்றச் செலவு யாருடையது, லோன் கிடைக்காவிட்டால் டோக்கன் திரும்புமா. நான்காவதை எழுதாததால்தான் சண்டை வருகிறது. லோனில் வாங்குபவருக்கு வங்கி தன் மதிப்பீட்டின்மேல்தான் கொடுக்கும், நீங்கள் சொன்ன விலைமேல் அல்ல. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் மீதிக்கு அவரும் வழி பார்ப்பார்.

11. டெலிவரியும் பெயர் மாற்றமும்

நல்ல நேரம் பார்த்து வருவார்கள். வண்டி நேராகப் பிள்ளையார்பட்டிக்குப் போகும், எலுமிச்சம்பழம் நசுங்கும். அந்த அவசரத்தில்தான் "பேரை மெதுவா மாத்திக்கலாம்" என்ற பேச்சு எழும். இங்கே விடாதீர்கள்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் வாங்கி, தேதியும் பெயரும் எழுதாமல் வைத்திருக்கும் ஓபன் பேப்பர் வழக்கம் நம் தொழிலின் பழைய நோய். வண்டி மூன்று கை மாறியிருக்கும், ஆர்.சி. முதல் ஆள் பெயரிலேயே இருக்கும். விபத்து நடந்தால், பதிவில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர் என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நட்ட ஈடு அவர் தலையில். அவர் நேராக உங்கள் கடை வாசலுக்குத்தான் வருவார், நியாயமும் அதுதான்.

மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நான் சாவி கொடுக்கும் முன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிடுவேன். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் நிமிஷமும் எழுதி, வாங்கியவர் கையெழுத்து. அன்று மாலை அவர் சிக்னலைத் தாண்டினால் சலான் யாருக்கு என்பதை அந்த நிமிஷம்தான் முடிவு செய்யும்.

இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றச் சொல்லுங்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு தானாகப் போகும். சொந்த வண்டிச் சேதத்துக்கு, பெயர் மாறாத பாலிசியில் கிளெய்ம் நிற்காது. நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருடையது, வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தைப் புது ஓனர் கட்ட வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் "மறைச்சிட்டீங்களே" என்ற வார்த்தை வரும்.

12. விற்ற பிறகு வரும் போன்

முதல் பதினைந்து நாளில் போன் வரும். ஏ.சி. சத்தம், கதவு கிறீச், ஏதோ ஒன்று. எடுங்கள். எடுக்காமல் விட்டால் செக்காலை ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு டீக்கடையிலும் உங்கள் பெயர் அடிபடும். நான் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் மட்டும் ஒரு மாதம் என்று எழுதிக் கொடுக்கிறேன். தேய்மானப் பொருள்களுக்கு இல்லை என்பதையும் அதே தாளில் எழுதுகிறேன். மீறிச் செய்து கொடுப்பது என் விருப்பம். செய்தால் அந்தச் செலவையும் அதே வண்டியின் பக்கத்தில் ஏற்றுவேன்.

வண்டி விற்றதும் பக்கத்தை மூடிவிடுவதில்லை. பரிவாகனில் புதுப் பெயர் ஏறியதும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பழைய ஓனருக்கு, மலேசியாவில் இருந்தாலும் சரி, வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். இரண்டு நீல டிக் விழுந்ததும் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போடுவேன்.